பித்தளைப் பின்

மதன்குமாருக்கு இந்த உலகத்தில் அறவே ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது தடித்த கம்பி. பாளையம்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவனுக்கு இது கொஞ்சம் நன்றி கெட்ட வெறுப்புதான். அவன் கடைக்கு வேலை வருவதே அந்தக் கம்பியால்தான். தோட்டத்தில் பியூஸ் போனால் நம் விவசாயச் சம்சாரிகள் மெல்லிய பியூஸ் கம்பியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். கைக்குக் கிடைத்த கட்டுக்கம்பியை நாலு முறுக்கு முறுக்கிக் பியூஸ் கட்டைக்குள் திணித்துவிட்டு, இனிமேல் போகாது என்று திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள். வாஸ்தவம்தான், பியூஸ் போகாது. மோட்டார் போகும். மறுநாள் கருகின மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்கு வந்து நிற்பார்கள். மதன் மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால் கால்மணி நேரம் ஆளைத் திட்டுவான்.

"பியூஸு எதுக்குய்யா வச்சிருக்கான்? அது போகணும்னுதான் வச்சிருக்கான். அது போனாத்தான் மோட்டாரு பொழைக்கும்."

இருபது வருடமாக இதே பாட்டு. இப்பேர்ப்பட்ட மதன்குமார் இந்த மாசி மாதம் என்ன செய்தான் என்பதுதான் கதை.

அவன் சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே. கார்த்திகையில் பெய்த மழையில் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. மதனுக்கு நாற்பத்திரண்டு வயது. அவன் அறிந்து அந்தக் கண்மாய் நிறைந்ததில்லை. கண்மாய் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் தரை. அதில் ஆடு மேய்த்தார்கள், கிரிக்கெட் விளையாடினார்கள், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள். நட்டநடுவே ஒரு மேடு, மேட்டின் மேல் திட்டுக் கருப்பசாமி. மதன் வகையறாவுக்கு அவர்தான் குலசாமி. கரையிலிருந்து சாமிவரைக்கும் நேராக ஒரு நடைபாதை உண்டு. இப்போது அந்தப் பாதைக்கு மேல் கழுத்தளவுத் தண்ணீர், அடியில் முழங்கால் சேறு. கருப்பசாமி தீவில் தனியாக உட்கார்ந்து கொக்கு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரே சந்தோஷப்பட்டது. மதன் மட்டும் கவலைப்பட்டான். காரணம் அவன் தங்கை சுகந்தி. பாலவனத்தத்தில் வாழ்க்கைப்பட்டு எட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவள், திட்டுக் கருப்பனிடம் நேர்ந்திருந்தாள்: பிள்ளை பிறந்தால் உன் காலடியில், என் அண்ணன் மடியில் வைத்துக் காது குத்துகிறேன் என்று. பிறந்தான் முகேஷ். இப்போது பதினோராவது மாதம். ஒற்றைப்படை மாதத்தில்தான் குத்துவது வழக்கம். இந்த மாதத்தில் பார்த்த நாள் மாசி இரண்டாம் வெள்ளி ஒன்றுதான்.

சுகந்தியின் புருஷன் சதீஸ்குமார் விருதுநகரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். அதிர்ந்து பேசமாட்டார். கண்மாய் நிறைந்த சேதி கேட்டதுமே போன் போட்டார்.

"தண்ணிக்குள்ள எப்படி மச்சான் போறது? அருப்புக்கோட்டையில ஒரு மண்டபத்தப் பேசிருவோம். தண்ணி வத்தவும் சாமியக் கும்பிட்டுக்குவோம்."

மண்டபம் என்ற சொல்லை அவர் அதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார், கண்மாய் காய்ந்து கிடந்த காலத்திலேயே. மதனுக்கு அது சுருக்கென்றது. கருவேலங்காட்டுக்குள் இருக்கிற எங்கள் சாமி, வெள்ளைக் கார் வைத்திருப்பவருக்குக் கேவலமாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது சுகந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை அவனைத் தூங்கவிடவில்லை.

"படகுல கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டான்.

சொல்வதற்கு ஒரு தெம்பு இருந்தது. அவன் கூட்டாளி மொக்கையன் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தான். கடற்கரைப் பக்கம் தனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து ஒரு பழைய பைபர் படகை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தான். கூடவே, படகின் பின்னால் மாட்டுகிற ஒரு கிழட்டு மோட்டார். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றி, கயிற்றை இழுத்து ஓட்டுவது. அது ஓடி மூன்று வருடம் ஆகியிருந்தது. மதன் பத்து நாள் அதோடு கட்டிப்புரண்டு உயிர் கொடுத்தான். ஒரே ஒரு குறை. விசிறியையும் அதைச் சுற்றுகிற தண்டையும் சேர்த்துக் கோர்க்கிற சுண்டுவிரல் நீளப் பின் ஒன்று இருக்க வேண்டும், அதைக் காணோம். படகுக்காரருக்குப் போன் போட்டான். "பித்தளையில ஒண்ண வெட்டிப் போட்டுக்கங்க தம்பி," என்றார் அவர்.

பித்தளையா? மதனுக்குச் சிரிப்பு வந்தது. பித்தளை நாலு நாள் தாங்குமா? உடைந்த டிரில் பிட் ஒன்றை எடுத்து, அளவாக வெட்டி, உள்ளே அடித்து இறக்கினான்.

"ஏழு ஜென்மத்துக்கும் ஒடியாது," என்று மொக்கையனிடம் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை வெள்ளோட்டம். கரையில் பாதி ஊர் நின்றது. மோட்டார் மூன்றாவது இழுவையில் பிடித்துக்கொண்டது. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. மதன் தலைநிமிர்ந்து, பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எங்கே போனான் என்று கேட்க வேண்டுமே. அத்தனை பெரிய கண்மாயில், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்றிருக்கும்போது, அவன் தண்ணீருக்கு அடியில் கிடந்த நடைபாதை மேலேயே போனான். கருப்பசாமியிடம் அவர் முகத்துக்கு நேரேதான் போய் நிற்க வேண்டும். பின்பக்கமோ பக்கவாட்டிலோ போய் நிற்கக் கூடாது. அது அந்த வகையறாவின் வழக்கம். பாதைக்கு அடையாளமும் இருந்தது. போன வருடச் சாமி கும்பிடுக்கு டியூப்லைட் கட்டுவதற்காக அவனே ஊன்றின ஏழு கல்லுக்கால்கள். அவற்றின் தலைகள் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. அதை ஒட்டியே ஓட்டினான். தலைகளை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. எண்ணியிருந்தால் ஆறுதான் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

மூன்றாவது கல்லைத் தாண்டினதும் அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம். மோட்டார் எகிறித் திரும்பத் தண்ணீருக்குள் விழுந்து நின்றுபோனது. மறுபடி கயிற்றை இழுத்தான். ஓடியது, ஆனால் படகு மொத்தமும் கிடுகிடுவென்று நடுங்கியது. பின்னால் தண்ணீரில் ஆயில் படலமாக விரிந்தது.

மொக்கையன் மூங்கிலை ஊன்றிப் படகைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். "ஏலே, கண்மா பூராத் தண்ணி கெடக்கு. நீ எதுக்குலே பாதையில போன?"

மதன் குனிந்து மோட்டாரைக் கழற்றினான்.

மோட்டாரை வீட்டு முற்றத்தில் போட்டுப் பிரித்தார்கள். விசிறியில் ஓர் இதழ் நுனி பறந்திருந்தது. தண்டு வளைந்திருந்தது, கண்ணால் பார்த்தாலே தெரிகிற வளைவு. அது வளைந்ததில் ஆயில் சீல் கிழிந்து, உள்ளே தண்ணீர் போய், கியர் ஆயில் மோராக மாறியிருந்தது. கியர் பல் ஒன்றில் மூக்கு உடைந்திருந்தது. அத்தனைக்கும் நடுவில், ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது டிரில் பிட்டில் வெட்டிப் போட்ட பின்.

மதன் அதைக் கையில் வைத்துப் பார்த்தான். பித்தளை போடச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. கல்லில் அடித்தால் பின் ஒடிய வேண்டும். அது ஒடிந்தால் விசிறி சும்மா நின்றுவிடும், மற்றதெல்லாம் பிழைக்கும்.

மொக்கையன் போன மாதம்தான் பியூஸ் கட்டையில் கட்டுக்கம்பி போட்டு மோட்டாரைக் கருக்கி, மதனிடம் கால்மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அவனுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"பின்னு எதுக்குய்யா வச்சிருக்கான்? அது ஒடியணும்னுதான் வச்சிருக்கான்."

"போதும்லே."

"அது ஒடிஞ்சாத்தான் மோட்டாரு பொழைக்கும்."

மதனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அந்த அவமானத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. கல்லின் மேல் இறக்கினான். மொக்கையன் முங்கிப் பார்த்துவிட்டு வந்து, நாலாவது கல்லுக்கால் பாதியில் ஒடிந்து, தண்ணீருக்கு அடியில் ஒரு முழத்தில் நிற்கிறது என்று சொல்லியிருந்தான்.

"நான் நட்ட கல்ல எந்த வெளங்காத பய ஒடிச்சான்? ஒடிச்சவன் ஒரு வார்த்த சொல்லணும்ல? அவன் கையி வெளங்குமா?"

இதைச் சொல்லும்போது வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றிருந்தது. சதீஸ்குமாரும் அவர் அம்மா பிச்சையம்மாளும் இறங்கினார்கள். சேதி கேட்ட சுகந்தி கடைக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். பிச்சையம்மாள் பிரித்துப் போட்ட மோட்டாரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தம்பி, நான் குத்தம் சொல்லல. நாளு நெருங்கிருச்சு, சொந்தபந்தத்துக்குச் சேதி சொல்லணும். வியாழக்கெழம வெளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள ஓடும் ஓடாதுன்னு சொல்லிருங்க. இல்லன்னா மண்டபத்துலயே வச்சுக்குவோம்."

"ஓடும்த்தே," என்றான் மதன். அவனுக்கே நம்பிக்கையில்லை.

அப்போது சதீஸ்குமார் தொண்டையைச் செருமினார். "மச்சான், அந்தத் தண்ட எங்க நிமுத்தணும்? வாங்க, கார்ல போயிருவோம்."

மதன் ஆச்சரியப்பட்டான். மோட்டார் செத்தால் முதலில் சந்தோஷப்படப் போகிறவர் இவர்தான் என்று அவன் நினைத்திருந்தான்.

அருப்புக்கோட்டையில் லேத் வைத்திருக்கும் ஜெகதீஸ்வரன், தறிக்கு உருப்படி கடைந்து கொடுத்தே தலை நரைத்தவர். படகுத் தண்டை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் வளைந்தது எதுவானாலும் வளைந்ததுதான். தண்டை லேத்தில் பூட்டி மெல்லச் சுற்றவிட்டு, ஒரு சாக்பீஸை அருகில் கொண்டுபோனார். சாக்பீஸ் ஒரு பக்கம் மட்டும் கோடு போட்டது. கோடு விழுந்த இடம் மேடு. அங்கே வைத்து ஒரு அமுக்கு. மறுபடி சுற்று, மறுபடி சாக்பீஸ், மறுபடி ஒரு அமுக்கு.

"அவசரப்பட்டு ஒரே அமுக்கா அமுக்குனா ஒடிஞ்சுபோகும்," என்றார்.

இரண்டரை மணி நேரம் ஆனது. சதீஸ்குமார் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வெள்ளைச் சட்டையில் கிரீஸ் படப் பக்கத்திலேயே நின்றார். கடைசியில் சாக்பீஸ் தண்டைச் சுற்றி முழு வட்டமாகக் கோடு போட்டபோது, மதனுக்கு முன்னால் அவர்தான் மூச்சுவிட்டார். எதையோ சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு அவர் முகத்தில் இருந்தது. மதன் இரண்டு தடவை, "என்ன மாப்ளே?" என்று கேட்டான். இரண்டு தடவையும், "டீ சாப்பிடலாமான்னு கேக்க வந்தேன்," என்றார். இரண்டு டீ குடித்தார்கள்.

புறப்படும்போது ஜெகதீஸ்வரனிடம் பித்தளைக் கம்பி ஒன்று வாங்கி, அளவாக எட்டுத் துண்டு வெட்டிக்கொண்டான் மதன். சீல், பைக் கடையில் அதே அளவில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, நுனி பறந்த இதழின் அளவுக்கு மற்ற இரண்டு இதழையும் அரத்தால் ராவிச் சமமாக்கினான். மூக்குடைந்த கியர் பல்லை உரசி வழவழப்பாக்கினான். அது மூக்குடைந்தபடியே ஓடட்டும், முதலாளிக்கும் மூக்கு உடைந்துதானே இருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம், மாட்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, மோட்டாரை அதில் இறக்கிக் கயிற்றை இழுத்தான். நடுக்கமில்லாமல் ஓடியது. தொட்டித் தண்ணீரில் பாதி முற்றத்துக்கு வந்தது. பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் பாலவனத்தத்துக்குப் போன் போட்டான். சுகந்தி எடுத்தாள்.

"ஓடுது," என்றான்.

அவள் உடனே போனை வைத்தாள். அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை விடியவும் முதல் நடையில் பூசாரியையும் காது குத்தும் ஆசாரியையும் பொங்கல் பானையையும் திட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒடிந்த கல்லுக்கு மொக்கையன் அடையாளம் கட்டியிருந்தான், மஞ்சள் எண்ணெய்க் கேன் ஒன்று. அதற்கு ஒரு முழம் வலப்பக்கமாகப் போனால் போதும் என்றான். காற்றே இல்லை. வழுக்கிக்கொண்டு போய் வந்தார்கள்.

இரண்டாவது நடை ஒன்பது மணிக்கு. முன்னால் மொக்கையன். நடுவில் பிச்சையம்மாள், பட்டுப்பாவாடை கட்டின சிறுமியைப்போலக் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு. அவருக்குப் பக்கத்தில் புதுச்சட்டை போட்ட முகேஷை மடியில் வைத்தபடி சுகந்தி. மோட்டாருக்கு அருகில் சதீஸ்குமார். இதற்குள் கீழ்க்காற்று எழும்பியிருந்தது. தண்ணீர் சின்னச் சின்னதாக மடிந்து வந்தது. மூன்றாவது கல்லைத் தாண்டினார்கள். மதன் கேனில் கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டினான்.

"மச்சான், வலது பக்கம் ஒதுக்குங்க," என்றார் சதீஸ்குமார்.

"ஒதுக்கித்தான் போறேன் மாப்ளே. கேனு அந்தா இருக்கு."

"கேனு அங்க இருக்கு. கல்லு இங்க இருக்கு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடியில் 'ணங்' என்றது. மோட்டார் வீரிட்டுக் கத்தியது. படகு மட்டும் வேகம் செத்துத் தண்ணீரில் மிதந்து நின்றது. மதன் மோட்டாரை நிறுத்தினான். சுகந்தி பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள்.

மதன் மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து, விசிறியைக் கழற்றினான். பித்தளைப் பின் மூன்று துண்டாக அவன் உள்ளங்கையில் விழுந்தது. தண்டைச் சுற்றிப் பார்த்தான். நேராகச் சுற்றியது. கியரில் சத்தமில்லை. ஆயில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவனுக்கு அந்தத் துண்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிசம்," என்றான்.

மொக்கையன் கேனை எட்டிப் பிடித்து இழுத்தான். கயிறு வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆட்டை மேய்ச்சலுக்குக் கட்டுகிறவன் கட்டின கட்டு; மேய்வதற்கு இடம் வேண்டுமே என்று நாலு ஆள் நீளத்துக்குத் தாராளமாக விட்டிருந்தான். காலையில் காற்றில்லாதபோது கல்லுக்கு மேலேயே நின்ற கேன், காற்று வந்ததும் முன்னால் திட்டுப் பக்கமாக மேயப் போய்விட்டது.

பிச்சையம்மாளுக்குக் கயிற்றைப் பற்றிக் கவலையில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லு இங்கதான் இருக்குன்னு உனக்கு எப்படிரா தெரியும்?"

சதீஸ்குமார் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தாம்மா ஒடிச்சேன்."

மதன் விசிறியும் கையுமாக நிமிர்ந்தான்.

"போன வருசக் கும்பிடுக்கு வந்தப்ப, கண்மாய்க்குள்ள கார ரிவர்ஸு எடுத்தேன், கல்லுல இடிச்சிருச்சு. காரு வாங்கி மூணு நாளுதான். எல்லாரும் சாப்புட்டுக்கிட்டிருந்தீக. சொன்னா ஊரே சிரிக்கும்னு சொல்லல. ஒடிஞ்ச துண்ட நானே உருட்டிப் பள்ளத்துல தள்ளிட்டேன். ஒரு வருசமா அந்தக் கல்லு என் கண்ணுக்குள்ளயே நிக்குது. சாமிக்குன்னு நட்ட கல்லு. அவரு மொகத்துக்கு நேரா எப்படிப் போய் நிக்கிறதுன்னுதான், மச்சான், மண்டபம் மண்டபம்னேன்."

"அப்ப மூணு நாளா இந்தத் தம்பி திட்டுனதெல்லாம் உன்னையவா?" என்றார் பிச்சையம்மாள்.

மதனுக்கு எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. கோபம் வந்தது, பொய் சொல்லக் கூடாது; கொஞ்சம் வரத்தான் செய்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வெட்கம் வந்தது. இத்தனை நாளும் நம் சாமியைக் கேவலமாக நினைக்கிற ஆள் என்று மனதுக்குள் இவரை வைதுகொண்டிருந்தோமே. சாமியை இவ்வளவு பெரிதாக நினைத்துப் பயந்தவர் நம் வகையறாவிலேயே இல்லையே.

"கையி வெளங்குமான்னு கேட்டுட்டேன் மாப்ளே," என்றான். "கருப்பன் அதக் கணக்குல எடுத்துக்க மாட்டான். இந்தப் பின்னப் பிடிங்க, நான் விசிறிய மாட்டுறேன்."

சதீஸ்குமார் புதுப் பின்னைத் துளையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மதன் விசிறியை ஏற்றி முறுக்கினான். அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை. மோட்டார் ஒரே இழுவையில் பிடித்தது. நாலாவது கல்லைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் பாதை மேலேயே ஏறி, கருப்பசாமியின் முகத்துக்கு நேரே போய்ப் படகு தட்டி நின்றது.

ஆசாரி ஊசியைத் தீட்டி வைத்துக் காத்திருந்தார். மதன் சாமியின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சுகந்தி பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்குப் பார்த்த அதே கண்கள்தான். ஆனால் இந்தப் பார்வைக்காக அவன் இன்னும் பத்து மோட்டாரைப் பிரித்து மாட்டுவான்.

சதீஸ்குமார் எல்லாருக்கும் பின்னால், கோயில் தூணுக்கு மறைவாக நின்றிருந்தார். மதன் திரும்பிப் பார்த்தான்.

"அங்க எதுக்கு மாப்ளே நிக்கிறீக? இங்கிட்டு வாங்க. மொகத்துக்கு நேரா நில்லுங்க."

அவர் வந்து நின்றார். பூசாரி மணியை அடித்தார். ஆசாரி இடது காதைப் பிடித்தார். முகேஷ் கண்மாய்க் கரைக்குக் கேட்கிற மாதிரி ஒரு கத்துக் கத்தினான். மாமனும் அழுதான், கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மடியை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தான்.